தேய்த்து வைத்த ரசீதுகள்

அந்தத் தெருவில் அவரை மடிப்பு என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேராக "மடிப்பண்ணே", முதுகுக்குப் பின்னால் வெறும் மடிப்பு. இரண்டும் அவருக்குத் தெரியும். அவர் சட்டைக் கை மடிப்பில் விரலை வைத்தால் வெட்டிவிடும் என்று எதிர்க்கடை பேக்கரிக்காரர் சொல்வதில் பாதி கேலி, பாதி உண்மை. துணி மட்டுமல்ல, செய்தித்தாள், பணத்தாள், கடைவாசலில் யாரோ கொடுத்துவிட்டுப் போகும் விளம்பரச் சீட்டு என்று எது கையில் அகப்பட்டாலும் உள்ளங்கையால் இரண்டு நீவு நீவிவிட்டுத்தான் கீழே வைப்பார். கல்யாணமான புதிதில், மனைவி படித்துக்கொண்டிருந்த வாரப் பத்திரிகையில் ஒரு பக்கத்தின் முனை மடங்கியிருந்ததைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் நேராக்கிவிட்டார். எங்கே விட்டோம் என்று அவள் அடையாளத்துக்கு மடித்து வைத்த முனை அது. "இருபத்தாறு வருஷமாச்சு, அந்தக் கதையில யார் யாரைக் கட்டிக்கிட்டாங்கன்னு இன்னும் எனக்குத் தெரியாது" என்று யார் வந்தாலும் சொல்லிக்காட்டுவாள்.

பதினெட்டு வயதில் ஒரு பெரிய ஹோட்டலின் அடித்தளச் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். இருபத்திரண்டு வருடம் அங்கே இருந்தும் ஒரு விருந்தாளியின் முகத்தைப் பார்த்ததில்லை. காலர்களை மட்டும் பார்த்தார். யார் அதிகம் வியர்ப்பவர், யார் சாப்பிடும்போது சிந்துகிறவர் என்பதெல்லாம் அத்துப்படி. அந்தக் கூடத்தில் இரண்டு வேதவாக்குகள் உண்டு. ஒன்று, ஓரத்தில் சோதனை பார்க்காமல் எதன்மீதும் சூடு வைக்காதே. இரண்டு, கைத்துடைப்பான்களை ஒவ்வொன்றாக அழுத்துகிறவன் வீடு போய்ச் சேரமாட்டான். அடுக்கி வைத்து ஒரே மூச்சில் அழுத்து. ஹோட்டலைப் புதுப்பித்தபோது பழைய நீராவி அழுத்து இயந்திரத்தை ஏலம் விட்டார்கள். ஆறடி நீளம், மேல்மூடி இறங்கினால் யானை உட்கார்ந்த மாதிரி. அதை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, இந்தத் தெருவில் ஒரு கடை பிடித்தார். முன்னால் மனைவி கல்லாவில், பின்னால் அவர் ஆவியில். பன்னிரண்டு வருடம் இப்படியே ஓடிவிட்டது.

அந்த வருடம் கடை ஒப்பந்தம் முடிகிற வருடம். மாதக் கடைசிக்குள் கட்டடக்காரருக்குப் புது முன்பணம் கட்டினால் இன்னும் ஆறு வருடம் இருக்கலாம். இல்லாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான், கைப்பேசிக் கடை ஒன்று ஏற்கெனவே எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தது. முன்பணத்தை இருவரும் மூன்று வருடமாகச் சேர்த்து முடித்திருந்தார்கள். சரியாக அவ்வளவுதான், ஒரு காசு கூடுதலாகக் கிடையாது. அந்த நேரம் பார்த்து வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அதிகாரி கடைக்கே வருவார், இரண்டு வருடக் கொள்முதல் ரசீதுகளைத் தயாராக வைத்திருக்கவும் என்று எழுதியிருந்தது.

மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்பார்கள். சொன்னவருக்கு அரசாங்க முத்திரையோடு கடிதம் எதுவும் வந்திராது. மடிப்பு கடிதத்தை மூன்று முறை படித்தார். ஒரு தப்பும் செய்யவில்லை என்று நன்றாகத் தெரிந்தும், எந்தத் தப்பைக் கண்டுபிடித்தார்களோ என்று யோசித்தார்.

அவருடைய வரவு செலவைப் பார்ப்பவர் ஆடிட்டரம்மா. மாடியில் ஒரு சின்ன அறையில் நாற்பது கடைகளின் கணக்கை எழுதுகிறவர். போனிலேயே சிரித்தார். "பயப்படாதீங்கண்ணே. குலுக்கல்ல உங்க பேர் வந்திருக்கும். புத்தகம் என்கிட்ட சரியா இருக்கு. நீங்க ரசீதை மட்டும் மாசவாரியா அடுக்கி வைங்க. அந்த ஆபீஸருக்குக் குப்பையாக் குடுத்தா புடிக்காது. நீட்டா இருக்கணும்."

நீட்டாக இருக்க வேண்டும் என்று யாரிடம் போய்ச் சொல்கிறோம் என்பதை ஆடிட்டரம்மா யோசிக்கவில்லை.

ரசீதுகள் எல்லாம் ஒரு தலையணை உறைக்குள் இருந்தன. யாரோ துவைக்கப் போட்டுவிட்டு வாங்க வராத உறை. கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். சோப்புத்தூள், கறைநீக்கி, ஹேங்கர், பாலிதீன் உறை, எது வந்தாலும் மனைவி ரசீதைச் சுருட்டி ஏப்ரன் பையில் போடுவாள், பை நிறைந்ததும் தலையணை உறைக்குள் திணிப்பாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆடிட்டரம்மா வாங்கிப் புத்தகத்தில் ஏற்றிவிட்டு, திரும்பவும் உறையிலேயே போட்டு அனுப்புவார்.

ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. மனைவி மளிகை வாங்கப் போயிருந்தாள். மடிப்பு உறையைக் கவிழ்த்தார். மேசை முழுக்கச் சுருளும் உருண்டையுமாக விழுந்ததைப் பார்த்ததும் அவருக்கு உடம்பெல்லாம் அரித்தது. கையால் நீவிப் பார்த்தார், விட்டதும் சுருண்டன. சூடாக்காமல் இஸ்திரிப் பெட்டியை வைத்துப் பார்த்தார், எடுத்ததும் சுருண்டன. எண்ணினார். இருநூற்றுப் பன்னிரண்டு.

அவர் அவசரக்காரர் அல்ல. இயந்திரத்தைச் சூடாக்கிவிட்டு, முதலில் சோதனை பார்த்தார். கையில் கிடைத்தது இழுப்பறையில் கிடந்த மின்கட்டணச் சீட்டு. இரண்டு பருத்தித் துணிக்கு நடுவில் வைத்து மூடியை இறக்கி எடுத்தார். புதுப் பணத்தாள் மாதிரி வந்தது. அதன்பிறகு என்ன தயக்கம்? ரசீதுகளைத் துணிமேல் ஒன்றோடொன்று படாமல் பரப்பி, மேலே இன்னொரு துணி, அதன்மேல் இன்னொரு வரிசை என்று கைத்துடைப்பான் கணக்கில் ஐந்து அடுக்கு அடுக்கினார். ஐந்து அடுக்குக்கும் சூடு போய்ச் சேர வேண்டுமே என்று வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் மூடியை இறக்கி வைத்தார். ஆவி புஸ்ஸென்று கிளம்பியது. விசிலடித்துக்கொண்டிருந்தார் என்று பின்னால் பேக்கரிக்காரர் சாட்சி சொன்னார்.

மூடியைத் தூக்கி மேல் துணியை விலக்கினார். வரிசை வரிசையாகக் கறுப்புத் துண்டுகள். ஒரு சுருக்கம் இல்லை, ஒரு எழுத்தும் இல்லை.

துணியை மாற்றிப் பார்த்தார். அடுத்த அடுக்கும் அப்படியே. நடு அடுக்கு மட்டும் கரும்பழுப்பு நிறத்தில் இருந்தது. சன்னலுக்கு நேராகப் பிடித்தால் எழுத்து ஏதோ தெரிந்தது. வேறு யாராவது தேய்த்திருந்தால் ஓரமாவது தப்பித்திருக்கும். மடிப்பு தேய்த்ததில் ஓரம் மூலை என்று எதுவும் தப்புவதில்லை.

மனைவி பைகளோடு உள்ளே வந்தாள்.

"என்னங்க இது? கார்பன் பேப்பரா?"

"பில்லு."

"எந்த பில்லு?"

"எல்லா பில்லும்."

அவள் பைகளைக் கீழே வைத்தாள். ஒரு துண்டை எடுத்து முன்னும் பின்னும் பார்த்தாள். "தேய்ச்சீங்களா?"

"சோதனை பாத்துட்டுத்தாம்மா பண்ணேன். கரண்டு பில்லு நல்லாத்தான் வந்துச்சு."

"கரண்டு பில்லு நல்லாத்தான் வந்துச்சு" என்று அவள் திருப்பிச் சொன்னாள். அன்றைக்கு அவள் சொன்ன கடைசி வார்த்தை அதுதான்.

திங்கட்கிழமை காலை ஆடிட்டரம்மாவின் மேசையில் கறுத்த ரசீதுகளை வைத்தபோது, அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"அயர்ன்... பண்ணீங்களா?"

"நீட்டா இருக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க."

"ஐயோ அண்ணே. இதுல மையே கிடையாது. சூடு பட்டா கறுக்குற காகிதம் இது. கடையில இருக்குற மெஷின் ஊசி ஊசியாச் சூடு வெச்சு எழுதுது. நீங்க மொத்தமா ஒரே எழுத்தா எழுதிட்டீங்க."

"உங்க புத்தகத்துல தொகையெல்லாம் இருக்குல்ல?"

"தேதியோட இருக்கு. ஆனா புத்தகம் நான் எழுதினது. ரசீதுதான் சாட்சி. சாட்சி இல்லாட்டி செலவே பண்ணலன்னு எடுத்துக்குவாங்க. சோப்பே வாங்காம ரெண்டு வருஷம் துவைச்சிருக்கீங்கன்னா அவ்வளவும் லாபம்தானே? லாபத்துக்கு வரி, அதுக்கு மேல அபராதம்." ஒரு தாளில் பெருக்கி, கூட்டி, தொகையின் அடியில் கோடு போட்டு அவர் பக்கம் திருப்பினார். முன்பணமாகச் சேர்த்து வைத்ததில் ஒரு மாத வாடகைதான் மிஞ்சும்.

மடிப்பு அந்தத் தாளை நீவினார். ஆடிட்டரம்மா அதைப் பிடுங்கிக்கொண்டார். "முதல்ல கையை எடுங்க. போய் ஒவ்வொரு கடையிலயும் நகல் கேளுங்க. கம்ப்யூட்டர்ல இருக்கும்."

மனைவியின் தம்பியிடம் கார் இருந்தது. இரண்டு நாள் மைத்துனன் ஓட்ட, மடிப்பு ஏறி இறங்கினார். ஹேங்கர் கடையில் கதையை முழுதாகச் சொல்ல வேண்டியிருந்தது. முதலாளி கல்லாவில் தலைவைத்துச் சிரித்தார். கறைநீக்கிக் கடையில் பாதிதான் சொன்னார். மீதியை அவர்களே சொல்லிவிட்டார்கள். பாலிதீன் கடைக்குப் போனபோது, "வாங்க வாங்க, பில்லுக்கு அயர்ன் பீஸுக்கு எவ்ளோ வாங்குறீங்க?" என்று வாசலிலேயே வரவேற்பு. ஆனால் மூவரும் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். நகல் கிடைத்தவை நூற்று முப்பத்தொன்று. சன்னலில் பிடித்துப் படிக்க முடிந்தவை முப்பத்தெட்டு. மீதி நாற்பத்து மூன்றும் ஒரே ஆளிடம் வாங்கியவை.

அந்த ஆள் நுரை. சோப்புத்தூள் மொத்த வியாபாரி, அவர் பேச்சும் அப்படித்தான், நிறையப் பொங்கும், அடங்கினால் ஒரு கரண்டி மிஞ்சும். முட்டி வலி என்று போன வருடம் கடையை மூடிவிட்டார். புதன்கிழமை மதியம் அவர் வீட்டு பால்கனியில் போய் உட்கார்ந்தார்கள்.

"மெஷினை எடைக்குப் போட்டுட்டேனே அண்ணே. அதுக்குள்ளதான் எல்லாக் கணக்கும்" என்றார் நுரை. "வேற நோட்டுல எழுதின கணக்கா? என் கணக்கை நானே நம்பினதில்லை." பிறகு உள்ளே போய் ஒரு பழைய பில் புத்தகத்தையும் ரப்பர் முத்திரையையும் கொண்டுவந்து மடியில் வைத்தார். "மெஷின் மக்கர் பண்ற நாள்ல இதுலதான் எழுதுவேன். வெத்துத்தாள் நிறைய இருக்கு. நீங்களே எழுதி முத்திரையை வெச்சுக்கோங்க. எனக்கு என்ன நஷ்டம்?"

காரில் வரும் வழியெல்லாம் மைத்துனன் பேசினான். "மாமா, இதுல பொய் எங்க இருக்கு? நீங்க வாங்கினது நெசம். காசு குடுத்தது நெசம். தேதி, தொகை எல்லாம் ஆடிட்டரம்மா புத்தகத்துல இருக்கறதுதான். சீட்டு மட்டும்தான் புதுசு."

மடிப்புக்கும் அது சரியாகத்தான் பட்டது. கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கல்லா மேசையில் உட்கார்ந்தார்கள். மைத்துனன் தேதியைப் படிக்க, அவர் எழுதினார். மூன்று சீட்டு எழுதி முத்திரை வைத்ததும், இதுவரை ஆவிக்குள் நின்று பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்த மனைவி வாயைத் திறந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவரிடம் நேராகப் பேசியது அப்போதுதான்.

"ரெண்டு வருஷத்து பில்லுன்னு யாராவது நம்புவாங்களா? எல்லாம் ஒரே நாள்ல பொறந்த மாதிரி மின்னுது. கொஞ்சமாவது கசக்குங்க."

"அக்கா சொல்றது கரெக்ட்டு மாமா. கசக்குங்க."

மடிப்பு ஒரு சீட்டைக் கையில் எடுத்தார். ஐம்பத்திரண்டு வயதில் அவர் ஒரு காகிதத்தைக் கசக்கியதாக நினைவில்லை. குப்பையில் போடுவதைக்கூட நான்காக மடித்துத்தான் போடுவார். மூச்சைப் பிடித்துக்கொண்டு கசக்கினார். மேசையில் வைத்தார். வைத்த கையே அதை நீவிவிட்டது. திரும்பவும் கசக்கினார். திரும்பவும் நீவிற்று.

"மாமா!"

"நான் எங்கடா பண்றேன்? கை பண்ணுது."

மைத்துனன் பிடுங்கி, பந்தாக உருட்டி, காலால் ஒரு மிதி மிதித்து, விரித்து வைத்தான். பார்த்தால் பத்து வருடத்துச் சீட்டு. "எப்படி?"

மடிப்பு அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நாற்பத்து மூன்று கறுப்புத் துண்டுகள், கத்தி மாதிரி நேராக.

"மாப்ளே, நாளைக்கு அந்த ஆபீஸர் கேப்பாரு. எல்லா பில்லையும் தேய்ச்சவன் இதை மட்டும் ஏன் விட்டேன்னு."

"ஏதாவது சொல்லுங்க."

"என்ன சொல்றது? சொன்னா இன்னொரு கேள்வி. அதுக்கும் ஒண்ணு சொல்லணும். நடுவுல இந்தக் கை சும்மா இருக்குமா? அவர் முன்னாடியே எடுத்து நீவும். வாய் பொய் சொன்னாலும் கை காட்டிக் குடுத்துடும்."

"அப்ப முன்பணம்?"

எழுதிய மூன்று சீட்டையும் கிழித்தார். கிழிப்பதும் விளிம்பு பிசகாமல்தான் வந்தது. மைத்துனன் காரை எடுத்துக்கொண்டு கோபமாகப் போய்விட்டதால், பில் புத்தகத்தையும் முத்திரையையும் ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு அவரே போய்த் திருப்பிக் கொடுத்தார். நுரை வாங்கிக்கொண்டு, "எழுதினதைக் கிழிச்சிட்டீங்கல்ல? என் பேர் அச்சடிச்சிருக்கு, அதான் கேட்டேன்" என்று இரண்டு தடவை கேட்டார். எனக்கு என்ன நஷ்டம் என்றவருக்கும் மதியத் தூக்கம் போயிருந்தது தெரிந்தது.

வியாழக்கிழமை பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே அதிகாரி வந்துவிட்டார். மெலிந்த மனிதர், சளி பிடித்திருந்தது. போட்டிருந்த சட்டை தேய்க்கவே தேவைப்படாத ரகம். அதைப் பார்த்ததும் மடிப்பு தன் காலரை ஒரு நீவு நீவிக்கொண்டார். நம் தொழிலே வேண்டாம் என்று இருக்கிற ஆள் நம்மை எங்கே புரிந்துகொள்ளப் போகிறார்?

ஆடிட்டரம்மா புத்தகங்களை எடுத்து வைத்தார். அதிகாரி முதலில் விலைப்பட்டியலைப் பார்த்தார், பிறகு டோக்கன் புத்தகம், பிறகு வாங்க ஆள் வராத துணிகள் தொங்கும் கம்பி. இரண்டு கேள்விக்கு ஒரு தும்மல் என்று மணி ஒன்றாகிவிட்டது. கடைசியில் ரசீதுக் கோப்பைத் திறந்தார். நகல்களைத் தாண்டினார். பழுப்புத் தாள்களை ஒவ்வொன்றாகச் சன்னலுக்கு நேராகப் பிடித்துத் தலையாட்டினார். அடுத்த பக்கத்தில் நிறுத்தினார். கண்ணாடித்தாள் உறைகளுக்குள் நாற்பத்து மூன்று கறுப்புத் தாள்கள், மாதவாரியாக.

"இது என்ன?"

ஆடிட்டரம்மா வாயைத் திறப்பதற்குள் மடிப்பு சொல்லிவிட்டார். "பில்லு சார். நான்தான் தேய்ச்சேன்."

"ஏன்?"

"கசங்கியிருந்துச்சு சார்."

அதிகாரி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். தும்மலா சிரிப்பா என்று தெரியவில்லை. "இந்த பில்லெல்லாம் வேற எங்கயும் கிடைக்காதா?"

"கடையை மூடிட்டாங்க சார். மெஷினை எடைக்குப் போட்டுட்டாங்க. வெத்து பில் புத்தகம் ஒண்ணு குடுத்தாங்க. மூணு எழுதிப் பாத்தேன். அப்புறம் கிழிச்சிட்டேன்."

ஆடிட்டரம்மா மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தார். காலம் கடந்த மிதி.

அதிகாரி எழுந்தார். "எந்த மெஷின்? காட்டுங்க." பின்னால் போனார்கள். மடிப்பு இயந்திரத்தைச் சூடாக்கி, இரண்டு துணியை விரித்தார். அதிகாரி சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நடுவில் வைத்தார். மூடி இறங்கியது, ஆவி வந்தது, மூடி ஏறியது. துணியை விலக்கினால், குட்டியாக ஒரு கறுப்புப் பலகை.

அதிகாரி அதை எடுத்து ஆற விட்டார். "காலைல கார் நிறுத்தின பில்லு. இதைக் காட்டித்தான் நான் ஆபீஸ்ல காசு வாங்கணும்."

மனைவி முந்தினாள். "நாங்க குடுத்துடறோம் சார்."

"நீங்க குடுத்தா அது வேற கேஸும்மா" என்றார் அவர். கறுப்புச் சீட்டைக் கோப்பிலேயே சேர்த்துக்கொண்டார்.

மேசைக்குத் திரும்பி, அரை மணி நேரம் எழுதினார். பிறகு பேனாவை மூடினார். "பாருங்க, நாப்பத்து மூணையும் என்னால ஏத்துக்க முடியாது. படிக்க முடியாத காகிதம் ரசீது இல்லை. அந்தச் செலவை எடுத்துட்டுத்தான் வரி போடணும். ஆனா அபராதம் போடணும்னா, நீங்க மறைச்சீங்கன்னு நான் எழுதணும். இப்படி வரிசையா அடுக்கி வெச்சு யாரும் மறைக்க மாட்டாங்க. அபராதம் இல்லை."

தொகையைச் சொன்னார். முன்பணத்தில் கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு. மடிப்பு கையெழுத்துப் போட்டார்.

அதிகாரி படியிறங்கியதும் ஆடிட்டரம்மா நாற்காலியில் சாய்ந்தார். "கிழிச்ச கதையை யார் சொல்லச் சொன்னது?"

"கேட்டாரே."

"அவர் அதைக் கேக்கவே இல்லண்ணே!"

மனைவி அதற்குள் கட்டடக்காரருக்குப் போன் போட்டிருந்தாள். முக்கால் பங்கு இப்போது, மீதி மூன்று மாதத்தில் என்றாள். அந்தப் பக்கம் முடியாது என்றது காதில் விழுந்தது. கைப்பேசிக் கடைக்காரன் முழுசா வச்சிருக்கான் என்றும் விழுந்தது. "அவன் ஆறு மாசத்துல போர்டை மாத்துவான், இல்ல ஓடிப் போவான். நாங்க பன்னெண்டு வருஷத்துல ஒரு மாசம் வாடகை தள்ளிக் குடுத்திருக்கோமா? வரி ஆபீஸரை நேரா உக்கார வெச்சு வரி கட்டுற ஆளுங்க உங்களை ஏமாத்துவோமா?" என்றாள். அரை மணி நேரப் பேச்சுக்குப் பிறகு, மாத வாடகை கொஞ்சம் கூடும் என்ற நிபந்தனையோடு அவர் இறங்கி வந்தார்.

மீதிக்கு மடிப்பு பழைய ஹோட்டலுக்கே போய்க் கேட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் விருந்துக் கூடத்துக் கைத்துடைப்பான்களை அழுத்த ஆள் தேவைப்பட்டது. பன்னிரண்டு ஞாயிறு போனார். முதல் ஞாயிறு மட்டும் மைத்துனன் காரில் கொண்டுபோய் விட்டான், இறங்கும்போது, "சாயந்தரம் வரட்டுமா மாமா?" என்றான்.

கடையில் இப்போது ரசீது வந்தால் மனைவி கைப்பேசியில் படம் எடுத்து ஆடிட்டரம்மாவுக்கு அனுப்பிவிட்டுத்தான் ஏப்ரன் பையில் போடுகிறாள். தலையணை உறையைத் தொட மடிப்புக்கு அனுமதி இல்லை.

கடை அதே இடத்தில்தான் இருக்கிறது. காலை எட்டு மணிக்குத் திறப்பார்கள். ஞாயிறு விடுமுறை.